சப்பாத்தி, ரொட்டி, பாக்ரி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கணவரின் ஜவுளி வேலைக்காக 14 வருடம் மராட்டியத்துச் சோலாப்பூரில் குடியிருந்தோம். ஈரோட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்களும் சொந்தக்காரர்களும் ரொட்டியைப் பற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் பதில் சொல்லிச் சொல்லி, ஒருநாள் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஈஸ்ட் போடாமல், புளிக்க வைக்காமல், மாவும் தண்ணீரும் நெருப்பும் கொண்டு செய்கிற ரொட்டிகளைப் பற்றி மட்டும்தான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

சப்பாத்தி, ரொட்டி, புல்கா எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு இத்தனை பேரு?

ரொட்டி என்பது பொதுப்பெயர். சோளம், கம்பு, கோதுமை எதில் தட்டினாலும் அது ரொட்டிதான். சப்பாத்தி என்பது கோதுமை மாவைத் தேய்த்துக் கல்லில் சுட்டது. இந்தியில் 'சப்டா' என்றால் தட்டை. புல்கா என்பது அதே சப்பாத்தியைக் கொஞ்சம் மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் தொடாமல், கடைசியில் தீயில் காட்டி உப்ப வைத்தது. 'பூல்னா' என்றால் உப்புவது, அதிலிருந்து வந்த பெயர்.

குஜராத்தில் இதையே ரோட்லி என்கிறார்கள். மராட்டிய வீடுகள் சிலவற்றில் வெறும் சப்பாத்திக்கே போளி என்று பெயர். சோலாப்பூர் போன முதல் வாரம் பக்கத்து வீட்டில் "போளி சாப்பிடுறியா" என்று கேட்டார்கள். வெல்லமும் பருப்பும் வைத்த நம் ஊர்ப் போளியை நினைத்துக்கொண்டு போனேன். தட்டில் சப்பாத்தியும் கத்தரிக்காயும் இருந்தன. நம் போளிக்கு அங்கே பூரண் போளி என்று பெயர். பெயர்கள் பழையவை. அக்பர் காலத்து அபுல் பசல், சப்பாத்தியைச் சுடச்சுடப் பரிமாறினால் ருசி என்று 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

நான், குல்ச்சா, பட்டூரா எல்லாம் இந்தக் கணக்குல வருமா?

வராது. அவை மூன்றுமே மாவைப் பொங்க வைத்துச் செய்பவை. தயிரோ ஈஸ்டோ சோடாவோ சேரும். தந்தூரி ரொட்டி அதே தந்தூர் அடுப்பில் வெந்தாலும் வழக்கமாகப் புளிக்காத கோதுமை மாவுதான், அதனால் வரும். கைக்குட்டை போல மடித்துத் தருகிற ரூமாலி ரொட்டியும் வரும்.

அக்கா, எங்க வீட்டுச் சப்பாத்தி சுட்டதும் நல்லாத்தான் இருக்கு. அரை மணி நேரத்துல அப்பளமாயிடுது. மாவு சரியில்லையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது. பத்துப் பேரில் ஒன்பது பேர் மாவின் மேல் பழி போடுகிறார்கள். நான் பார்த்தவரை காரணம் மூன்று: தண்ணீர் குறைவு, ஊறாத மாவு, சூடு பற்றாத கல். இந்த மூன்றையும் சரி செய்யாமல் மாவுக் கம்பெனியை மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் போகும்.

முதலில் தண்ணீர். நம் ஊரில் பலர் பூரிக்குப் பிசைவது போலக் கெட்டியாகப் பிசைகிறார்கள். தேய்ப்பதற்குச் சுலபம், ஒட்டாது, வட்டமாக வரும். ஆனால் உள்ளே ஈரமே இல்லாத மாவு கல்லில் மிச்ச ஈரத்தையும் இழந்தால் அப்பளமாகாமல் என்ன செய்யும்? 250 கிராம் முழுக் கோதுமை மாவுக்கு 165 முதல் 180 மில்லி தண்ணீர் பிடிக்கும். பிசைந்து முடித்ததும் கையில் லேசாக ஒட்டத்தான் செய்யும். பயந்து மாவு தூவாதீர்கள். மூடி வைத்துவிட்டு அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாது. காது மடலைத் தொட்டுப் பார்த்தால் இருக்கிற மெதுமெதுப்புதான் அளவு.

அடுத்தது கல். குறைந்த தீயில் 'பொறுமையாக' சுடுவதுதான் பெரிய தப்பு. கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது உருண்டு ஓடி மறைய வேண்டும். ஒரு சப்பாத்தி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கல்லில் கிடக்கக் கூடாது. மெல்லச் சுட்டால் வேகுவதற்குள் காய்ந்துவிடும்.

சுட்டு எடுத்ததும் தட்டில் திறந்து போடாதீர்கள். டப்பாவில் பருத்தித் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணியால் மூடுங்கள். துணி இல்லாவிட்டால் ஆவி மூடியில் பட்டுச் சொட்டி மேல் சப்பாத்தி நசநசத்துப் போகும்.

மாவு எவ்வளவு நேரம் ஊறணும்? அவசரத்துக்கு உடனே போட்டா என்ன?

குறைந்தது 20 நிமிடம், முடிந்தால் 40 நிமிடம். கோதுமையில் இரண்டு வகைப் புரதம் உண்டு. தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலுக்குத்தான் குளூட்டன் என்று பெயர். பிசையும்போது அது முறுக்கேறி நிற்கிறது. அதனால்தான் உடனே தேய்த்தால் மாவு சுருங்கிச் சுருங்கிப் பின்னால் வருகிறது. ஊற வைத்தால் முறுக்கு தளரும், தவிட்டுத் துகள்களும் தண்ணீரைக் குடித்து மெதுவாகும்.

அவசரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பிசையுங்கள், பத்து நிமிடமாவது மூடி வையுங்கள். பிசைவதைக் குறைத்தாலும் ஊறுவதைக் குறைக்காதீர்கள். பாதி வேலையை நேரமே செய்துவிடும்.

பால், தயிர், எண்ணெய், சோடா, வாழைப்பழம்... எது போட்டா பஞ்சு மாதிரி வரும்?

எதுவும் வேண்டாம். மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் மாவும் தண்ணீரும் போதும். எண்ணெய் ஒரு டீஸ்பூன் விட்டால் கெடுதல் இல்லை, புரதப் பின்னலைக் கொஞ்சம் தளர்த்தும். அதிகம் விட்டால் சப்பாத்தி பிஸ்கட் பக்கம் போய்விடும். பால் விட்டுப் பிசைந்தது சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் கெடும். காலையில் சுட்டு மதியம் குழந்தை டிபன் டப்பாவில் திறப்பதென்றால் வெயில் காலத்தில் பால் வேண்டவே வேண்டாம்.

சோடா மட்டும் போடாதீர்கள். நிறம் மஞ்சளாகும், நாக்கில் சோப்பு ருசி நிற்கும். உப்பு அவரவர் விருப்பம். வடக்கே பல வீடுகளில் மாவில் உப்பே போடுவதில்லை, தொட்டுக்கொள்வதில் இருக்கிறது என்பார்கள்.

எனக்குச் சப்பாத்தி உப்பவே மாட்டேங்குது. ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் வருது, அவ்ளோதான்.

உப்புவது நீராவியால். மாவுக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது வெளியே ஓட வழியில்லாமல் இரண்டு பக்கமும் மெல்லிய தோல் கட்டியிருந்தால் நடுவில் பிரித்துக்கொண்டு எழும். எங்காவது சின்ன ஓட்டை, கிழிசல், சுருக்கம் இருந்தால் அந்த வழியாக ஆவி போய்விடும். எனவே ஓரமும் நடுவும் ஒரே கனமாகத் தேய்ப்பது முக்கியம். நம்மில் பலர் நடுவில் அழுத்தி அழுத்தி அங்கே காகிதமாக்கி, ஓரத்தைத் தடியாக விட்டுவிடுகிறோம்.

சுடும் வரிசை இது. கல்லில் போட்டதும் முதல் பக்கம் 15, 20 நொடிதான். நிறம் மாறிச் சின்னச் சின்னப் புள்ளியாக எழும்பியதும் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது பக்கம் கொஞ்சம் அதிக நேரம், பழுப்புப் பொட்டு விழும்வரை. பிறகு மறுபடி திருப்பி, மடித்த துணியால் ஓரத்தை லேசாக ஒற்றினால் ஆவி மற்ற இடத்துக்கு நகர்ந்து முழுதாக எழும். இல்லாவிட்டால் இடுக்கியில் பிடித்து நேராகத் தீயில் காட்டலாம். முதல் பக்கத்தை ரொம்ப நேரம் விட்டீர்களானால் தோல் காய்ந்து விரியாது. உப்பாததற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

எங்க வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்பு. தீயே இல்லாம புல்கா வருமா?

வரும். கனமான இரும்புக் கல்லாக இருக்கட்டும், நன்றாகக் காயவிடுங்கள், கடைசியில் துணியால் ஒற்றும் முறையைச் செய்யுங்கள். நான்ஸ்டிக் தவாவை அவ்வளவு சூடாக்கக் கூடாது. அதனால் அதில் புல்காவுக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

கடை ஆட்டா வாங்கலாமா, கோதுமை வாங்கி மில்லுல அரைக்கலாமா?

நேரம் இருந்தால் அரையுங்கள். கல் சக்கியில், அதாவது கல் திரிகையில், அரைபடும்போது கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் கொஞ்சம் சிதைகின்றன. சிதைந்த துகள் அதிகத் தண்ணீரைக் குடிக்கும், அதனால் ரொட்டி மெத்தென்று வரும். வடக்கே 'சக்கி ஆட்டா' என்று தேடி வாங்குவது இதற்காகத்தான். நம் ஊர் மாவு மில்லில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் மிளகாய்த்தூளோ அரிசியோ அரைத்திருந்தால் முதல் இரண்டு கைப்பிடி மாவைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

கோதுமையில் மத்தியப் பிரதேசத்து சர்பத்தி நல்ல ரகம். சீஹோர் சர்பத்திக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விலை கூடுதல். ரேஷன் கோதுமையிலும் அருமையாகச் சப்பாத்தி வரும். கல் பொறுக்கி, கழுவி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து அரைக்க வேண்டும், தண்ணீரும் ஊறும் நேரமும் சற்றுக் கூட்ட வேண்டும். சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

சம்பா கோதுமையில சப்பாத்தி போட்டா பிஞ்சு போகுதே? அதுல குளூட்டன் இல்லைனும் சொல்றாங்களே?

சம்பா கோதுமை தனி இனம். மராட்டியத்தில் கப்லி என்பார்கள். கோலாப்பூர், சாங்லி, பெல்காம் பக்கம் இன்னும் விளைகிறது. உமி எளிதில் பிரியாத பழைய கோதுமை அது. அதன் புரதப் பின்னல் சாதாரணக் கோதுமையின் அளவுக்கு வலுவாக இருக்காது. எனவே இழுத்தால் பிய்யும். வெந்நீரில் பிசைந்து, கொஞ்சம் கனமாகத் தேய்த்தால் வரும். பாதிக்குப் பாதி சாதாரண ஆட்டா கலந்தாலும் நன்றாக இருக்கும். உண்மையில் கப்லியின் அருமை ரவையிலும் பாயசத்திலும்தான் தெரியும் என்பது என் எண்ணம்.

குளூட்டன் இல்லை என்பது தவறு, ஆபத்தான தவறும்கூட. பின்னல் பலவீனமாக இருப்பது வேறு, இல்லாமலே இருப்பது வேறு. குளூட்டனே ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் சம்பா கோதுமையைத் தொடக் கூடாது. அவர்களுக்குச் சோளம், கம்பு, கேழ்வரகு, அரிசி, மக்காச்சோளம் இருக்கின்றன. அவற்றையும் கோதுமை அரைத்த மில்லில் அரைக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜில வெச்ச மாவு மேல கறுத்துப் போச்சு. தூக்கிப் போடணுமா?

ஒரு நாள் மாவு என்றால் வேண்டாம். வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது போலத்தான் இதுவும். தவிட்டில் இருக்கிற ஒரு நொதி காற்றுப் பட்டதும் நிறத்தை மாற்றுகிறது. மேலே லேசாக எண்ணெய் தடவி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் குறையும். புளித்த வாடை வந்தாலோ, நூல் நூலாக இழுத்தாலோ, இரண்டு நாள் தாண்டினாலோ கொட்டிவிடுங்கள்.

சுட்ட சப்பாத்தியை மிச்சம் வைப்பதென்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு வேண்டாம், அங்கேதான் சீக்கிரம் விறைக்கும். நேராக ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் சூடான கல்லில் போடுங்கள்.

சோள ரொட்டி தட்டினா விண்டு விண்டு போகுது. யூட்யூப் பார்த்து நாலு தடவை செஞ்சுட்டேன், கண்ணீரே வந்துடுச்சு.

கண்ணீர் விடாதீர்கள். எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இங்கே சோளம் என்று நான் சொல்வது நம் வெள்ளைச் சோளம், மக்காச்சோளம் இல்லை. வடகர்நாடகத்தில் ஜோளத ரொட்டி, மராட்டியத்தில் ஜ்வாரி பாக்ரி. சோலாப்பூர் மாவட்டத்து மங்கள்வேடா சோளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. மால்தாண்டி ரகம், குளிர்காலப் பயிர், முத்துப் போலப் பெரிய மணி.

எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆஜி. மராட்டியில் ஆஜி என்றால் பாட்டி. முதல் நாள் என் மாவை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு "இதில் விரீ போய்விட்டது" என்றார். விரீ என்றால் மாவின் பசை. சோளத்தில் குளூட்டன் கிடையாது. மாவுச்சத்து வெந்நீரில் வெந்து தருகிற பசைதான் ரொட்டியைப் பிடித்து வைக்கிறது. அரைத்து நாளான மாவில் அந்தப் பசை இருக்காது. கடையில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டை வாங்கித் தட்டினால் யார் கையிலும் விண்டுதான் போகும். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து வையுங்கள்.

ஆஜி மொத்தமாகப் பிசைய மாட்டார். ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் மரத்தட்டில் எடுத்து, கொதித்த நீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்துப் பிசைவார். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வெடிப்பு இல்லாமல் வெண்ணெய் போல ஆகும்வரை விடமாட்டார். அப்புறம் தட்டில் மாவைத் தூவி, உருண்டையை வைத்து, வலது கையால் தட்டத் தட்ட ரொட்டி தானாகச் சுழலும். இடது கை ஓரத்தைச் சுவர் போலப் பிடித்துக்கொண்டிருக்கும். காலை ஆறு மணிக்கு அந்தத் தட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாளம். ஆஜி ஊருக்குப் போயிருந்தால் சத்தத்தை வைத்தே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கல்லில் போடும்போது மாவு ஒட்டிய பக்கம் மேலே வர வேண்டும். உடனே அதன்மேல் கையாலோ ஈரத்துணியாலோ தண்ணீர் தடவுங்கள். தூவிய மாவு கரைந்து தோலாகும். தண்ணீர் காயத் தொடங்கும்போது, முழுக்கக் காய்வதற்குள், திருப்புங்கள். பிறகு தீயில் காட்டினால் சப்பாத்தி போலவே உப்பும். மேலே மெல்லிய ஏடு பிரியும், அதற்குப் பாபுத்ரா என்று பெயர். அந்த ஏட்டைக் கிழித்து உள்ளே நிலக்கடலைச் சட்னிப் பொடியும் எண்ணெயும் வைத்து ஆஜி எனக்குக் கொடுத்த முதல் பாக்ரியின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது.

கை பழகும்வரை வாழையிலையிலோ தடித்த பிளாஸ்டிக் தாளிலோ தட்டுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு எல்லாத்துக்கும் இதே முறையா?

வெந்நீர் விஷயம் எல்லாவற்றுக்கும் பொது. கம்பு மாவு மட்டும் சீக்கிரம் கசக்கும். அதில் கொழுப்பு அதிகம், அரைத்ததும் நொதிகள் அதைக் கெடுக்கத் தொடங்கிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ராஜஸ்தானில் குளிர்காலத்தில் கம்பு ரொட்டியை நெய்யும் வெல்லமும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். மராட்டியத்தில் சங்கராந்திக்கு முந்தின நாள், அங்கேயும் அதற்குப் போகி என்றுதான் பெயர், எள் ஒட்டிய கம்பு பாக்ரியும் பல காய் போட்ட கூட்டும் கட்டாயம். நாம் இங்கே பழையதைக் கொளுத்துகிற அதே காலையில் அங்கே எள் பாக்ரி தட்டிக்கொண்டிருப்பார்கள்.

மக்காச்சோள ரொட்டி பஞ்சாபுக்கு உரியது. கடுகுக் கீரை மசியலும் வெண்ணெயும் அதன் ஜோடி. ஆதிகாலத்து உணவு என்று நினைக்கிறோம், ஆனால் மக்காச்சோளமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர், ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகுதான் இங்கே வந்தது. இதில் பசை இன்னும் குறைவு. துருவிய முள்ளங்கியோ வெந்தயக் கீரையோ சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். கேழ்வரகுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு நம் அம்மாக்கள் தட்டுகிற ராகி அடையே போதும்.

அரிசி தின்கிற ஊர்க்காரங்ககிட்ட ரொட்டி கிடையாதா?

நன்றாக இருக்கிறது. மைசூர்ப் பக்கம் அக்கி ரொட்டி: அரிசி மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய், சதகுப்பைக் கீரை சேர்த்துக் கல்லிலேயே நேராகத் தட்டுவது. குடகில் குழைந்த சோற்றையும் அரிசி மாவையும் சேர்த்துப் பிசைந்து மெல்லிசாகச் சுடுவார்கள், அங்கே அதற்கு அக்கி ஒட்டி என்று பெயர். மலபாரில் பத்திரி: வறுத்த மாவைக் கொதிக்கும் நீரில் கிளறி, சூட்டோடு பிசைந்து, காகிதம் போலத் தேய்த்துச் சுட்டு, தேங்காய்ப்பால் தடவி அடுக்குவது. சோள ரொட்டியில் சொன்ன வெந்நீர்ப் பசை இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது.

இலங்கையில் தேங்காய் ரொட்டி. கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்துத் தடிமனாகத் தட்டிச் சுட்டு, இடித்த மிளகாய்ச் சம்பலோடு சாப்பிடுவது. சிங்களத்தில் பொல் ரொட்டி. மலையகத் தோட்டங்களில் நம் தமிழ் மக்களுக்கு ரொட்டியும் சம்பலும் காலை உணவு. தேங்காயின் கொழுப்பு இருப்பதால் ஊறவைக்காவிட்டாலும் இது மெதுவாகவே இருக்கும். கேழ்வரகில் செய்தால் அங்கே குரக்கன் ரொட்டி.

பரோட்டாவும் பராத்தாவும் ஒண்ணா? அதுல ஈஸ்ட் இல்லையே, அப்ப அதுவும் உங்க பட்டியல்தானே?

சேரும். வடக்கத்திப் பராத்தா கோதுமை மாவில் நெய் தடவி மடித்துத் தேய்ப்பது அல்லது உள்ளே உருளைக்கிழங்கு, முள்ளங்கி வைப்பது. நம் பரோட்டா மைதாவை எண்ணெயில் ஊறப்போட்டு, வீசி, சுருட்டித் தட்டுவது. அந்த வீச்சுக்கு மைதாவின் வலுவான பின்னல் தேவை. கோதுமை மாவில் தவிடு பின்னலை அங்கங்கே அறுத்துவிடும், அதனால் அந்த அளவுக்கு விரியாது. 'கோதுமைப் பரோட்டா' என்று விற்பதில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்.

இந்த இரண்டும் ஒன்றா என்பது வரிக்கணக்கில்கூட வழக்கானது. 2020இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட்டில் விற்கிற பரோட்டா ரொட்டியாகாது, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்றது. ரொட்டிக்கு அப்போது 5 சதவீதம். தென்னிந்தியா முழுக்கக் கோபப்பட்டார்கள், எனக்கும் கோபம்தான். கல்லில் சுட்ட புளிக்காத மாவு இரண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சப்பாத்தி, ரொட்டி, பராத்தா, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்றாகிவிட்டது.

சர்க்கரை இருக்கு. ராத்திரி சோத்துக்குப் பதிலா சப்பாத்தின்னு டாக்டர் சொன்னார். நாலு சாப்பிட்டாலும் அளவு இறங்கலையே?

நாலு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் மாவுச்சத்து ஏறக்குறைய 20 கிராம். இரண்டு சாப்பிட்டாலே ஒரு கப் சோற்றுக்குக் கிட்டத்தட்டச் சமம். நாலு என்றால் இரண்டு கப். அதில் உருளைக்கிழங்குக் குருமாவும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் போல நார் இருக்கிறது, தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் கீழே. அந்த நன்மை தவிட்டோடு அரைத்தால்தான். இரண்டு சப்பாத்தி, நிறையக் காய், ஒரு கிண்ணம் பருப்பு என்று வைத்துப் பாருங்கள். மருந்து அளவை நீங்களாக மாற்றாதீர்கள், உங்கள் டாக்டரிடம் எண்ணிக்கையைச் சொல்லியே கேளுங்கள்.

ரயில்ல ரெண்டு நாள் பயணம். கெடாம எது வரும்?

குஜராத்தித் தேப்லாதான் என் முதல் தேர்வு. கோதுமை மாவு, கொஞ்சம் கடலைமாவு, வெந்தயக் கீரை, மஞ்சள், மிளகாய், தயிர், தாராளமாக எண்ணெய். பிசையும்போது தண்ணீர் மிகக் குறைவு. எண்ணெய் வேண்டாம் என்று மேலே சொன்னேனே என்று கேட்பீர்கள். அது அன்றே சாப்பிடுகிற சப்பாத்திக்கு. இங்கே எண்ணெய்தான் மெதுவாக வைத்திருக்கிறது. நன்றாக ஆறிய பிறகு கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

இன்னும் நாள் தாங்குவது கடக் பாக்ரி. சோள ரொட்டியை மெல்லிசாகத் தட்டி, சுட்டபின் ஈரமே இல்லாமல் காய விடுவது. விஜயபுரா, பாகல்கோட், சோலாப்பூர் வீடுகளில் கூடை கூடையாக அடுக்கி வைத்திருப்பார்கள், வாரக்கணக்கில் கெடாது. நொறுக்கித் தயிரில் போட்டுச் சாப்பிடலாம்.

மிஞ்சின சப்பாத்தியை என்ன பண்றது? குப்பையில போட மனசு வரலை.

மராட்டியத்தில் அதைப் பிய்த்துக் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்துப் புரட்டுவார்கள், 'போட்ணிச்சி போளி' என்று பெயர். நம் இட்லி உப்புமா போலத்தான். குஜராத்தில் புளித்த மோரில் தாளித்துக் கொதிக்க விடுவார்கள். அதை இளஞ்சூட்டில் குடிப்பது போலச் சாப்பிட்டுப் பாருங்கள், அடுத்த நாளுக்காக வேண்டுமென்றே இரண்டு சப்பாத்தி கூடுதலாகப் போடுவீர்கள்.

1857ல சப்பாத்திக்குள்ள சீட்டு வெச்சுப் புரட்சிக்குச் சேதி அனுப்பினாங்களாமே, நிஜமா?

சப்பாத்தி ஊர் ஊராகப் போனது நிஜம். சீட்டு வைத்தது நிஜமில்லை. 1857 தொடக்கத்தில் வட இந்தியக் கிராமங்களில் ஒரு காவலாளி அடுத்த ஊர்க் காவலாளியிடம் சப்பாத்திகளைக் கொடுத்து, இதே போலச் செய்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். வாங்கியவரும் அப்படியே செய்வார். மதுராவில் மாஜிஸ்திரேட்டாக இருந்த மார்க் தார்ன்ஹில்லின் மேஜைக்கும் அப்படி நான்கு வந்து சேர்ந்தன. முரட்டு மாவில், பிஸ்கட் அளவுக்குச் சின்னதாக இருந்தனவாம். ஆங்கிலேய அதிகாரிகள் விசாரித்துப் பார்த்தார்கள். உள்ளே எழுத்து ஏதும் கிடைக்கவில்லை, கொண்டுவந்தவர்களுக்கே எதற்கென்று தெரியவில்லை. மே 10ஆம் தேதி மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த பிறகு, இதற்கும் அதற்கும் தொடர்பு இருந்திருக்கும் என்று பலரும் பேசினார்கள். யார் தொடங்கியது, என்ன பொருள் என்பதற்கு இன்றுவரை முடிவான பதில் இல்லை.

என்னைத் தொடுவது வேறொன்று. அந்த வரிசையில் ஓடிய ஒவ்வொரு ரொட்டியும் ஏதோ ஒரு வீட்டு அடுப்பில் சுட்டதுதான். இரவில் கதவைத் தட்டி "உடனே வேண்டும்" என்று கேட்டபோது யாரோ எழுந்து மாவு பிசைந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட எந்த விசாரணைக் காகிதத்திலும் நான் பார்த்ததில்லை.